ஓ.எஸ்.ஸோடு வந்தது, ஓ.எஸ்.ஸோடு போனது

செங்கல்பட்டில் முப்பது வருடமாக டைப்பிங் தொழிலில் இருப்பவர் யாராக இருந்தாலும், அவர் மூன்று மாவட்டங்களுக்கு மனு அடித்திருப்பார். 1997 வரை தலைப்பில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டம். ஊர் நகரவில்லை. கொளவாய் ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

தலைப்பை மாற்றுவது என்ன பெரிய வேலையா? ஃபைலைத் திறந்து, காஞ்சிபுரத்தைத் தேடி, செங்கல்பட்டு என்று மாற்றிவிட்டால் முடிந்தது. ஆனால் ஃபைல் திறக்க வேண்டுமே. திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரிய வேண்டும். தெரிந்தாலும், தேடும் கட்டத்தில் ‘காஞ்சிபுரம்’ என்று அடிக்க, முதலில் அடித்தவர் வைத்திருந்த அதே ஃபாண்டும் அதே கீபோர்டும் இந்த மெஷினிலும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், பத்துப் பக்கப் பத்திரத்தை முதலிலிருந்து அடிப்பதுதான் வழி. மாவட்டம் பிரிந்தபோது அப்படி உட்கார்ந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேர்ட்பேடு இனி மேம்படுத்தப்படாது, வரப்போகும் விண்டோஸில் அது இருக்காது என்றது. சொன்னபடியே 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் வேர்ட்பேடு இல்லை. விண்டோஸ் 95-ஓடு வந்தது, 29 வருடம் இருந்துவிட்டுப் போனது. வேர்ட் கோப்புகளுக்கு வேர்டை வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் எழுத்துக்கு நோட்பேடு இருக்கிறது என்பது கம்பெனி சொன்ன மாற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்களுக்குத்தான் வேர்ட்பேடு. அவர்கள் பெரிய எண்ணிக்கையில் குரல் எழுப்பவில்லை. 2017-இல் பெயிண்டை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தபோது உலகம் முழுக்க எழுந்த கூப்பாட்டில் கம்பெனி பின்வாங்கியது. வேர்ட்பேடுக்காக அப்படி அழ ஆள் இல்லை.

செங்கல்பட்டில் அது எப்படிப் பிழைத்தது என்று சொல்ல வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் இங்கே கம்ப்யூட்டர் வாங்குவது என்றால் பீச் ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போவதுதான். மதர்போர்டு ஒரு கடை, ஹார்ட் டிஸ்க் ஒரு கடை. கடைசியாக ஒருவர் எல்லாவற்றையும் பூட்டி ஓ.எஸ். போட்டுக் கொடுப்பார். எக்ஸ்.பி. அதோடு எம்.எஸ். ஆபீஸும் ‘கூடவே போட்டு’ வரும். அது யார் காசுக்கு வந்தது என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஆபீஸ் போடாத மெஷின் என்றாலோ, போட்ட ஆபீஸ் நடுவில் மக்கர் செய்தாலோ வேர்ட்பேடு. சாவி கேட்காது, காலாவதி ஆகாது. ஃபாண்ட் மாற்றலாம், தடித்த எழுத்து போடலாம், நடுவில் வைக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஒரு வாடகை ஒப்பந்தத்துக்கு வேறென்ன வேண்டும்?

தமிழ் மட்டும் அப்போது லேசில் வராது. எக்ஸ்.பி.யில் யூனிகோட் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ரீஜனல் ஆப்ஷன்ஸைத் திறந்து ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடித்தால் அது எக்ஸ்.பி. சி.டி.யைப் போடு என்று கேட்கும். சி.டி. ரிச்சி தெருவில் இருக்கிறது, நாம் செங்கல்பட்டில் இருக்கிறோம். யூனிகோட் வேண்டாம் என்று பலரும் ஒதுங்கியதற்கு இந்தச் சின்னக் காரணமும் உண்டு. பெரிய காரணம் பழக்கம். அரசுத் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் முடித்து, பழைய தமிழ் தட்டச்சு மெஷினில் விரல் பழகியவர்கள்தான் டைப்பிங் கடைகளில் உட்கார்ந்தார்கள். அந்த விசை வரிசையை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவை பாமினி போன்ற ஃபாண்டுகள். அரசு அலுவலகங்களில் வானவில். அச்சகங்களில் ஸ்ரீலிபி, அதைப் போட பேஜ்மேக்கர். 2001-இல் கடைசிப் பதிப்பு வந்து, சில வருடங்களில் அடோபி கைவிட்ட பேஜ்மேக்கரை, கல்யாணப் பத்திரிகைக்காகவும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்காகவும் தமிழ்நாட்டு அச்சகங்கள் அதற்குப் பிறகும் வெகு காலம் ஓட்டின. யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது என்பது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

நோட்பேடிலும் ஒரு கண்ணி இருந்தது. அதில் யூனிகோடில் தமிழ் அடித்து சேமிக்கப்போனால், இதில் யூனிகோட் எழுத்துகள் இருக்கின்றன, இழக்க நேரிடும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அவசரத்தில் ஓ.கே. தட்டினால் அவ்வளவுதான். மறுநாள் திறந்தால் எழுதியதெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. ஆன்சி என்ற பழைய முறையே அதன் இயல்பான தேர்வாக இருந்ததால் வந்த வினை அது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் நோட்பேடு யூடிஎஃப்-8-க்கு மாறியது. தமிழில் எழுதுபவனுக்கு மைக்ரோசாஃப்ட் செய்த நல்ல காரியங்களைப் பட்டியல் போட்டால் இதை முதலில் வைப்பேன். இதை யாரும் விளம்பரப்படுத்தவில்லை.

மாமல்லபுரம் பக்கம் கதை வேறு. ஒத்தவாடைத் தெருவில் தங்கும் விடுதிகளுக்கு நடுவே பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் அங்கே உட்கார்ந்து வீட்டுக்கு மெயில் அனுப்புவார்கள், கேமராவில் எடுத்த படத்தை சி.டி.யில் எழுதி வாங்கிப் போவார்கள். இன்டர்நெட் என்றால் அந்த நீல ‘ஈ’ எழுத்துதான். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்த பிறகு அடையாள அட்டை, வருகைப் பதிவு, ஒரு வருடத்துக்கான பதிவுகளைப் பத்திரப்படுத்துவது என்று கெடுபிடி கூடியது. ஆனால் அந்தக் கடைகளை மூட வைத்தது போலீஸ் கெடுபிடி இல்லை, கைபேசி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-ஆம் தேதி ஓய்வு பெற்றபோது ஒத்தவாடைத் தெருவில் அதைத் தேட யாரும் இல்லை.

செங்கல்பட்டில் தேடினார்கள். டெண்டர் போடும் காண்ட்ராக்டர்கள், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் செருகி கணக்கு தாக்கல் செய்யும் ஆடிட்டர் ஆபீஸ்கள். அரசு இணையதளங்கள் பல எக்ஸ்ப்ளோரரையும் ஜாவாவையும் நம்பியே வருடக்கணக்கில் ஓடின. எக்ஸ்ப்ளோரரில் திறக்கவும் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இதற்காகவே எட்ஜ் உலாவிக்குள் எக்ஸ்ப்ளோரர் முறை என்று ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்பது மைக்ரோசாஃப்டின் வாக்கு.

சிற்பக் கூடங்களில் பிழைத்தது பெயிண்ட். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு முன்பிருந்தே இங்கிருந்து கடல் தாண்டி சிலைகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆர்டர் கொடுத்தவருக்குப் படம் அனுப்ப வேண்டும். படத்தில் பீடத்தின் அகலம், திருவாசியின் உயரம் எல்லாம் குறித்திருக்க வேண்டும். படத்தை பெயிண்டில் திறந்து, சிவப்பில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அங்குலக் கணக்கைத் தட்டினால் போதும். இன்று அதையே வாட்ஸ்ஆப்பில் விரலால் கோடு இழுத்து அனுப்புகிறார்கள். வேலை அதேதான், படத்தின் தரம் மட்டும் குறைந்துபோய்ப் போகிறது.

மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. சீட்டாட்டமும் மைன்ஸ்வீப்பரும் 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது உள்ளிருந்து வெளியே போய் ஸ்டோரில் உட்கார்ந்தன. அரசு அலுவலகங்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாண வீடியோவைக் கத்தரித்து ஒட்டக் கற்றுக்கொடுத்த மூவி மேக்கர் 2017 ஜனவரியில். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-இல். முப்பரிமாணப் பெயிண்ட் 2024 நவம்பரில், வந்ததே பலருக்குத் தெரியாமல்.

மெயில் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. எக்ஸ்.பி.யில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருந்தது. விஸ்டாவில் அது விண்டோஸ் மெயில் ஆனது. விண்டோஸ் 7-இல் உள்ளே எதுவும் இல்லை, லைவ் மெயிலைத் தனியாக இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். விண்டோஸ் 8-இல் மெயில் என்ற செயலி வந்தது, அதையும் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திப் புது அவுட்லுக்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் புதுப்பட்டினத்தில் வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவருக்கு, மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் வருடங்களில் எழுதிய மெயில்கள் எல்லாம் அவுட்லுக் எக்ஸ்பிரஸில்தான் இருந்தன. இணைய நிறுவனம் கொடுத்த முகவரி, சர்வரில் நகல் கிடையாது. நல்லவேளையாக அந்தப் பழைய எக்ஸ்.பி. பெட்டி பரணில் இருந்தது, தட்டியதும் ஓடியது. அதிலேயே தண்டர்பேர்டின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டு மெயில்களை உள்ளே இழுத்து, வந்ததைப் புதுக் கணினிக்கு மாற்றினோம். தண்டர்பேர்டு மெயிலை எம்பாக்ஸ் என்ற முறையில் சேமிக்கிறது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நாளைக்கு தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். அந்தப் பெட்டியை ஆயுத பூஜைக்கு முன் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தால் எந்த மாற்றும் உதவியிருக்காது.

எது போனால் எது மாற்று என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிரலுக்கு மாற்று எப்போதும் கிடைக்கும். உள்ளே போட்ட சரக்கை வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அரசாங்கமே ஒரு முறை இந்தச் சோதனைக்குள் போய் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிகிறது என்றபோது, தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது, தமிழ் உள்ளேயே வரும், காசு கிடையாது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. முன்னோடி என்ற பெயர் நமக்கு உண்டு. ஆனால் அரசு ஆபீஸ்களில் பாஸ் வேர் பிடிக்கவில்லை. மடிக்கணினி வாங்கிய பையன்கள் முதல் வாரமே ‘பாஸை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போடுங்கண்ணா’ என்று செங்கல்பட்டு சர்வீஸ் கடைகளில் நின்றார்கள். வானவில்லில் அடித்த பழைய கோப்புகள் ஒரு பக்கம், எக்ஸ்ப்ளோரர் கேட்கும் இணையதளம் ஒரு பக்கம், பழுதானால் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாதது ஒரு பக்கம். நல்ல மாற்றுதான். மாறுகிறவனுடைய பழைய சரக்கைப் பற்றி அந்த யோசனையில் இடம் இருக்கவில்லை.

இதே லினக்ஸ் வேறோர் இடத்தில் வெற்றி பெற்றது. உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி, நாடு முழுக்க கீழமை நீதிமன்றங்களில் உபுண்டுவைக் கொண்டுவந்தது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், வழக்குப் பதிவு மென்பொருளையும் அதற்கேற்பவே செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே சிஸ்டம், கேட்க ஆள் உண்டு, திரும்பிப் போக வழியில்லை. அதனால் கோர்ட் வளாகத்துக்கு உள்ளே லிப்ரே ஆபீஸ், வாசலைத் தாண்டி வந்தால் டைப்பிங் கடையில் திருட்டு வேர்ட் என்ற விசித்திரம் பல வருடங்களாக நடக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை நீதிமன்றம் பயன்படுத்துகிறது, காசு கொடுக்க வேண்டியதை நீதிமன்ற வாசலில் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறார்கள்.

கடைப் பக்கமே போவோம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்ல, டைப்பிங் கடை அக்கா ஒருவர் தவணையில் புது மெஷின் எடுத்தார். பழையது விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. ‘நல்லா ஓடுற மெஷின் சார், வயசாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க’ என்றார். புது மெஷினில் ஒரு வக்கீல் குமாஸ்தா பென் டிரைவைச் செருகினார்.

‘அக்கா, இந்தப் பாகப்பிரிவினை 2006-ல நம்ம கடையில அடிச்சதுதான். பேரும் மாவட்டமும் மட்டும் மாத்திக் குடுங்க.’

ஆர்.டி.எஃப். கோப்பு. தட்டினால், எதில் திறக்கட்டும் என்று விண்டோஸ் கேட்டது. வேர்ட்பேடு இல்லை. லிப்ரே ஆபீஸை இறக்கிப் போட அரை மணி நேரம். அதோடு முதல் பிரச்சினை முடிந்தது.

‘திறந்துடுச்சா?’

‘திறக்குதுண்ணா. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியுமா வருது.’

அது பாமினியில் அடித்தது. தமிழ் என்று பாமினியில் அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஃபாண்ட் இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ், ஃபாண்ட் போனால் ஆங்கிலக் குப்பை. அதே சொல்லை யூனிகோடில் அடித்து ஆர்.டி.எஃப். ஆகச் சேமித்திருந்தால் உள்ளே 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் கிடக்கும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. செங்கல்பட்டிலும் சிங்கப்பூரிலும், விண்டோஸிலும் லினக்ஸிலும், இன்றும் இருபது வருடம் கழித்தும் அந்த எண்களுக்கு அதே எழுத்துகள்தான். ஃபாண்ட் மாறினால் எழுத்தின் அழகு மாறும், எழுத்து மாறாது.

பாமினியைத் தேடிப் போட்டதும் பத்திரம் உயிர் பெற்றது. அப்படியே விட்டுவிடாமல் அக்கா அதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, தெரியாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நடுநடுவே ஆங்கிலத்தில் இருக்கும் வங்கிப் பெயர், கம்பெனிப் பெயர் எல்லாவற்றையும் அந்த மாற்றி தமிழ் என்றே நினைத்துப் புரட்டிப் போட்டுவிடும். சொத்து விவரப் பட்டியலை வரி வரியாகப் பழைய பிரிண்டோடு ஒத்துப் பார்த்தே தீர வேண்டும். அக்கா குமாஸ்தாவை வாசிக்கச் சொல்லி, தான் திரையைப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு ‘லிமிடெட்’ மட்டும் ஏதோ தெலுங்குக் கெட்ட வார்த்தை மாதிரி ஆகியிருந்தது, சிரித்துக்கொண்டே திருத்தினார்.

யூனிகோட்தான் தரம் என்று தமிழக அரசு அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். கூடவே டேஸ்16 என்ற முறையையும் சேர்த்து அறிவித்தார்கள், அது அச்சுத் துறைக்கு. அறிவித்து இவ்வளவு வருடம் கழித்தும் பழைய ஃபாண்டில் அடித்த கோப்பு வந்துகொண்டிருக்கிறது என்றால், தரத்தை அறிவிப்பவர்கள் விசைப்பலகையை மறந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். பழைய தட்டச்சு வரிசையிலேயே யூனிகோட் அடிக்கலாம் என்ற வசதியை என்.ஹெச்.எம். ரைட்டர் கொடுத்த பிறகுதான் கடைக்காரர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நியூ ஹொரைஸன் மீடியா பதிப்பகம் இலவசமாகக் கொடுத்தது அது. இ-கலப்பை, அழகி, முரசு அஞ்சல் என்று தனி மனிதர்களும் சிறு குழுக்களும் செய்து கொடுத்தவைதான் இடைவெளியை நிரப்பின. விண்டோஸ் 10-க்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகை சேர்ந்தது ரொம்பப் பின்னால்.

மைக்ரோசாஃப்ட் கொடுத்த தமிழ் எழுத்துருக்களிலும் ஓய்வு பெற்றவை உண்டு. லதா விண்டோஸ் 2000-இல் வந்தது, விஜயா விண்டோஸ் 7-இல், நிர்மலா விண்டோஸ் 8-இல். அறுபதுகளில் பிறந்த பெண்களின் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது. இப்போது நிர்மலா மட்டுமே இயல்பாக வரும், மற்ற இரண்டும் வேண்டுமென்றால் கூடுதல் வசதிகளுக்குள் போய்க் கேட்டு வாங்க வேண்டும். லதாவில் அடித்த பத்திரத்தைப் புது மெஷினில் திறந்தால் எழுத்து தெரியும், ஆனால் வரிகள் நகர்ந்து மூன்றாம் பக்கத்தில் முடிய வேண்டிய சாட்சிக் கையெழுத்து நாலாம் பக்கத்துக்கு ஓடும். கையெழுத்து மட்டும் தனித் தாளில் நிற்கும் பத்திரத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொரு மாற்றத்தைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20-இலிருந்து 50 கே.பி.க்குள், கையெழுத்து 10-இலிருந்து 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். ஆபீஸ் 2003 முதல் 2010 வரை கூட வந்த பிக்சர் மேனேஜர் இதற்கென்றே பிறந்தது மாதிரி இருந்தது. அளவைக் குறை, சேமி, முடிந்தது. ஆபீஸ் 2013-இல் அது இல்லை. அந்த இடத்துக்கு வந்தது யார்? கூகுளில் ‘கம்ப்ரஸ்’ என்று தேடினால் வரும் முதல் இணையதளம். ஆதாரும், பான் கார்டும், சாதிச் சான்றிதழும், கிரயப் பத்திரமும் யாருடைய சர்வரில் ஏறி இறங்குகின்றன என்று கேட்காமல் நாள் முழுக்க ஏற்றுகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், கடைசித் தேதி இன்று. ஆனால் வீட்டில் செய்கிறவர்கள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? பெயிண்ட் இன்னும் இருக்கிறது. படத்தைத் திறந்து அளவு மாற்றி ஜே.பி.ஜி.யாகச் சேமித்தால் கீழேயே கே.பி. காட்டும். இர்ஃபான்வியூ 1996-லிருந்து இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பி.டி.எஃப். ஆக்குவதற்கு லிப்ரே ஆபீஸில் ஒரு பொத்தான் போதும். கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிகிற வேலையை வெளியே அனுப்பிச் செய்யும் பழக்கம்தான், கூட வந்த நிரல்கள் போனதில் நமக்கு வந்த உண்மையான நஷ்டம்.

பழைய வேர்ட்பேடேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. விண்டோஸ் 10 மெஷினிலிருந்து அதன் இரண்டு மூன்று கோப்புகளை நகலெடுத்துப் புது மெஷினில் போட்டால் ஓடுகிறது. ஓடும்வரை ஓட்டலாம். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை என்பதால், மெயிலில் வந்த தெரியாத கோப்பை அதில் திறக்க வேண்டாம் என்பேன். இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் 2025-இல் நோட்பேடுக்குத் தடித்த எழுத்து, தலைப்பு எல்லாம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது, செயற்கை நுண்ணறிவையும் செருகியிருக்கிறது. வேர்ட்பேடைக் கொன்றுவிட்டு நோட்பேடை வேர்ட்பேடு ஆக்குகிறார்கள். நோட்பேடு என்றால் எனக்கு வெறும் எழுத்து, அதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நின்றதுதான் அதன் பலம். அதையும் கெடுக்கத்தான் போகிறார்கள்.

எதற்கு மாறலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. மனு, பத்திரம், கடிதம் எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸ். மெயிலுக்கு தண்டர்பேர்டு. மாதச் சந்தா கட்டித்தான் சொந்தக் கடிதத்தைத் திறக்க வேண்டும் என்ற நிலைக்குப் போக வேண்டாம். கூகுள் டாக்ஸ் வசதிதான், ஆனால் நெட் போனால் கடையும் போகும், இங்கே மழைக்காலத்தில் அது எத்தனை முறை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அது இன்னும் ஓடும்போதே அதிலிருக்கும் தமிழ்க் கோப்புகளை ஒரு முறை திறந்து பாருங்கள். பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி என்று எந்த ஃபாண்டில் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஃபாண்ட் கோப்பையும் கூடவே நகலெடுங்கள். முக்கியமானவற்றுக்கு பி.டி.எஃப். ஒன்று எடுத்து வையுங்கள், பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றலாம். தமிழ் இணையக் கல்விக்கழகமே விசைப்பலகை, எழுத்துரு, மாற்றி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கிறது. மாற்றியதை அசலோடு ஒத்துப் பார்க்காமல் அசலை அழிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கு வீட்டு உபயோகத்துக்காக நீட்டித்திருக்கும் பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். பப்ளிஷரும் அதே மாதம் போகிறது, அதில் அழைப்பிதழ் செய்து வைத்திருப்பவர்களுக்கும் கெடு அதுதான்.